குடியிருப்பும் பாடசாலையும்: புத்தளக் கரையோரத்தில் ஒரு 'தெரிவின்' சமூக அடிப்படை

குடும்பத்துடன் இடம்பெயர்வோர் எந்த அயலிற் குடியேறுவது, பிள்ளைகளை எந்த உயர்நிலைப் பாடசாலையிற் சேர்ப்பது என்னும் இரு வினாக்களையும் ஒருங்கே எதிர்கொள்கின்றனர். மத்தியதர வர்க்க நோக்கில் இது தெரிவு பற்றிய பிரச்சினையே. நல்ல பாடசாலை எதுவென விசாரித்து, அதன் அருகே வீடு பார்த்து, வாடகையையும் பயணத் தூரத்தையும் கணக்கிட்டு முடிவெடுத்தல் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. ஆயின் எத்தெரிவும், கிடைக்கக்கூடியவற்றின் எல்லைக்குள்ளேயே நிகழ்வதாகும். அவ்வெல்லையை வகுத்தது எது என்பதே நாம் இங்கு ஆராய விரும்பும் விடயம். புத்தளக் கரையோரம் இதற்குத் தக்க களமாகும். அங்கே வீட்டையும் பாடசாலையையும் பிணைக்கும் கயிறு மொழியே. அக்கயிறு கடந்த நூறாண்டுகளில் ஒரு சாராரிடத்தில் அறுந்தும் இன்னொரு சாராரிடத்தில் இறுகியும் போயிருக்கிறது.

முதலில் நடைமுறையை விளக்குதல் வேண்டும். இலங்கையில் அரச பாடசாலைகள் நான்கு வகைப்படும். க.பொ.த. உயர்தரத்தில் விஞ்ஞானம் உட்பட எல்லாப் பிரிவுகளும் உள்ளவை 1ஏபி. கலையும் வர்த்தகமும் மாத்திரம் உள்ளவை 1சி. பதினோராம் தரத்துடன் நின்றுவிடுபவை இரண்டாம் வகை. ஆரம்ப வகுப்புகளை நடத்துபவை மூன்றாம் வகை. ஆகவே 'உயர்நிலைப் பாடசாலை' என்ற சொல் ஊருக்கு ஊர் வெவ்வேறு பொருள் தருவதாகும். தமிழ் மொழிமூலம் பயிலும் பிள்ளை விஞ்ஞானமோ கணிதமோ கற்க விரும்பினால், கற்பிட்டிக் குடாநாட்டின் பெரும்பாலான கிராமங்களில் அதற்கு வழியில்லை. ஒன்றில் புத்தளம் நகருக்குச் செல்லல் வேண்டும். அன்றேல் கற்பிட்டியின் அல் அக்ஸா தேசிய பாடசாலை போன்ற ஓரிரு நிறுவனங்களை நாடல் வேண்டும். களப்பின் மேற்குக் கரையிலிருந்து பார்த்தால் நகரம் அருகே இருப்பதுபோற் தோன்றும். தரைவழியோ பாலாவிச் சந்தி வரை சென்று திரும்புவது. அச்சந்தியிலிருந்து கற்பிட்டி ஏறத்தாழ 40 கிலோமீற்றர்.

அனுமதி விதிகள் பிள்ளையின் வயதுக்கேற்ப மாறுபடுவன. முதலாந் தரத்திற்கான சுற்றறிக்கைகளில் ஏறத்தாழப் பாதி இடங்கள் பல ஆண்டுகளாக அண்மையில் வசிப்போருக்கே ஒதுக்கப்பட்டு வந்துள்ளன. அண்மையில் வசித்தல் என்பது பெற்றோரின் பெயர் தொடர்ச்சியாகச் சில ஆண்டுகள் வாக்காளர் இடாப்பில் இருப்பதாலும், காணி உறுதி முதலிய ஆவணங்களாலும் நிறுவப்படுவது. இடமாற்றம் பெற்ற அரச உத்தியோகத்தருக்கும் வெளிநாட்டிலிருந்து மீண்டோருக்கும் தனி ஒதுக்கீடுகள் உள்ளன. அதாவது, நகர்வை விதி அறியாததன்று. உத்தியோக நகர்வை நன்கறியும். ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சை இரண்டாவது வாயில். பன்னிரண்டாந் தரத்திலோ சாதாரணதரப் பெறுபேறே பேசும். வீட்டின் தூரம் பின்தள்ளப்படும். முதலாந் தரத்திற் சேரவேண்டிய பிள்ளையும் உயர்தரம் புகவேண்டிய பிள்ளையும் ஒரே வீட்டிலிருந்தால், ஒன்றுக்குப் பொருந்தும் அயல் மற்றதற்குப் பொருந்தாமற் போகலாம்.

பல்கலைக்கழக அனுமதி இதனோடு இன்னொரு கணக்கைச் சேர்க்கிறது. பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 சதவீதம் தேசிய தரவரிசையாலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் வழங்கப்படும் முறை நெடுங்காலம் நிலவி வந்துள்ளது. புத்தளம் அப்பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இடம்பெற்றதாகும். எம்மாவட்டத்தவர் என்பதைத் தீர்மானிப்பது பூர்வீகமன்று. பரீட்சைக்கு முந்திய ஆண்டுகளிற் பயின்ற பாடசாலையே. பணமுள்ள பெற்றோர் பிள்ளையைச் சில ஆண்டுகளுக்கு இத்தகைய மாவட்டங்களுக்குப் பெயர்க்கும் வழக்கம் நாட்டில் அறியப்பட்டதொன்று. ஏழைப் பிரதேசத்துக்கான சலுகை எவ்வாறு வசதியுள்ளோரின் உத்தியாக மாறுகிறது என்பதற்கு இதனினுஞ் சிறந்த உதாரணம் வேண்டியதில்லை.

இனி மொழிக்கு வருவோம். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட முதலாவது தமிழ்ப் புலவர் வரலாற்று நூலெனக் கருதத்தக்க 'தமிழ் புளூராக்' 1859 இல் வெளிவந்தது. அதன் ஆசிரியர் சைமன் காசிச் செட்டி 1807 இல் கற்பிட்டியிற் பிறந்தவர், கிறித்தவர். தமிழிலக்கிய வரலாற்றாய்வின் தொடக்கங்களுள் ஒன்று இக்கரையில் நிகழ்ந்தது என்பதை எமது பாடநூல்கள் ஒரு வரியிற் சொல்லிக் கடந்துவிடுகின்றன. நீர்கொழும்பு முதல் சிலாபம் ஈறாகவும் அதற்கு வடக்கேயும் கத்தோலிக்க மீனவக் கிராமங்கள் பல இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் தமிழ் பேசுவனவாகவே இருந்தன. இன்று அவற்றுட் பெரும்பாலானவை சிங்களம் பேசுவன. முதியோர் சிலர் வீட்டில் ஒரு தமிழ்ப் பேச்சுவழக்கைக் கையாள்வர். பேரப்பிள்ளைகள் அதில் விடையளிப்பதில்லை.

இம்மாற்றத்தைக் கூறுவோர் சிலாப மறைமாவட்ட ஆயராக 1940 முதல் 1972 வரை விளங்கிய எட்மண்ட் பீரிஸ் அவர்களின் பெயரைத் தவறாது குறிப்பிடுவர். பங்குப் பாடசாலைகள் சிங்களத்துக்கு மாறியதில் அவர் கொண்டிருந்த செல்வாக்கு மறுக்கத்தக்கதன்று. ஆனால் தனிமனிதர் ஒருவரின் விருப்பத்தால் ஒரு கரையோரமே மொழி மாறியது எனக் கொள்ளல் வரலாற்றை எளிமைப்படுத்துவதாகும். 1945 இல் இலவசக் கல்வி வந்தது. அதனை அடுத்துச் சுயமொழிக் கல்வி வேரூன்றியது. சிங்களவர் பிள்ளை சிங்களத்திலும் தமிழர் பிள்ளை தமிழிலும் கற்றல் வேண்டும் என்பது விதி. முஸ்லிம்களுக்கும் பறங்கியருக்குமே மொழிமூலத்தைத் தெரியும் உரிமை இருந்தது. 1956 இன் அரசகரும மொழிச் சட்டம் உத்தியோகத்தின் மொழியைத் தீர்மானித்தது. 1960, 1961 ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவிபெறும் பாடசாலைகள் அரசின் கைக்கு வந்தன. மீனுக்குச் சந்தை கொழும்பு. கடன் தரும் முதலாளி பெரும்பாலும் சிங்களம் பேசுபவர். மகனுக்கு வேண்டிய எழுதுவினைஞர் வேலை சிங்களத்தில். இந்நிலையிற் சிங்களப் பாடசாலையை நாடிய கத்தோலிக்கக் குடும்பம், மேற்கூறிய விதியின்படி தன் இனத்தையே சிங்களம் எனப் பதியவேண்டியதாயிற்று. பாடசாலை மாற்றம் தேசிய இன மாற்றத்துக்கு முன்நிபந்தனையாக அன்றி, அதன் மறுபெயராகவே அமைந்தது எனலாம். இதனைத் துரோகமெனப் பேசும் தமிழ்த் தேசியவாதிகள் வயிற்றையும் சட்டத்தையும் ஒருசேர மறந்துவிடுகின்றனர்.

இக்கரையின் இந்துக் கிராமமான உடப்பு தமிழைக் காத்தது. திரௌபதை அம்மன் ஆலயமும், ஒரே இடத்திற் செறிந்த குடியிருப்பும், கரைவலைத் தொழிலின் கூட்டு உழைப்பும் அதற்குத் துணைநின்றன. வலை இழுப்போரின் அம்பாப் பாடல்களை நாட்டாரியல் ஆய்வாளர் விரும்பித் தொகுக்கின்றனர், அது நன்று. அப்பாடலைப் பாடுவோரின் பிள்ளைகளுக்கு இரசாயனவியல் கற்பிக்க ஆசிரியர் உண்டோ என வினவிய நாட்டாரியல் கட்டுரை எதனையும் நாம் இதுவரை கண்டதில்லை.

முஸ்லிம்கள் நிலை வேறு. தெரியும் உரிமை பெற்றிருந்த இக்கரை முஸ்லிம்கள் பெரும்பாலும் தமிழையே தெரிந்தனர். புத்தளம் ஸாஹிறாக் கல்லூரி, பாத்திமா மகளிர் பாடசாலை முதலியன அத்தெரிவின் மீது எழுந்தவை. 1990 ஒக்ரோபரில் அத்தெரிவின் பயன் எவரும் எதிர்பாராத வகையிற் சோதனைக்குள்ளானது. தமிழீழ விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். மன்னார்த் தீவிலிருந்து பலர் படகுகளிற் கற்பிட்டியை அடைந்தனர். வெளியேற்றப்பட்டோர் ஏறத்தாழ 70,000 முதல் 75,000 வரையினர். பெரும்பகுதியினர் தங்கியது புத்தளம் மாவட்டத்திலேயே. அண்மை, உறவு, மதம் ஆகியவற்றோடு, பிள்ளைகள் தொடர்ந்து தமிழிற் கற்கக்கூடிய பாடசாலைகள் இங்கிருந்தமையும் அவர்களை இங்கு நிறுத்தியது. தமிழின் பெயரால் விரட்டப்பட்டோர் தமிழ்ப் பாடசாலையைத் தேடித் தங்கினர் என்பதை எமது இலக்கிய மேடைகள் இன்னும் போதியளவு எண்ணிப் பார்க்கவில்லை.

அவர்களுள்ளும் வர்க்க வேறுபாடு குடியிருப்பை வகுத்தது. யாழ்ப்பாணத்து வணிகருட் கையில் முதல் எஞ்சியோர் நீர்கொழும்பு, கொழும்பு எனச் சென்றனர். ஒருசாரார் புத்தளம் நகரை அண்டிய தில்லையடி போன்ற புறநகர்ப் பகுதிகளிற் காணி வாங்கினர். மன்னாரின் மீனவரும் விவசாயிகளும் ஆலங்குடா, கரம்பை, நுரைச்சோலைப் பக்கங்களிற் கிடுகுக் கொட்டில்களில் அமர்ந்தனர். இழந்த ஊரவர் ஒன்றாகவே குடியேறினர். எருக்கலம்பிட்டி மக்கள் நாகவில்லில் அமர்ந்தமை நன்கறியப்பட்டது. தொடக்கத்தில் வகுப்புகள் கொட்டில்களிலும், உள்ளூர்ப் பாடசாலைகளின் மாலை வேளைகளிலும் நடைபெற்றன. தாய்மார் கற்பிட்டியின் வெங்காய, மிளகாய்த் தோட்டங்களிற் கூலிக்குச் சென்றனர். அதனால் உள்ளூர்க் கூலியாளரின் நாட்சம்பளம் நெருக்கடிக்குள்ளானது. வாங்கிலும் வயலிலும் ஒரே போட்டி. 'அகதி' என்ற சொல் பாடசாலை வளவில் வசையாக ஒலித்தமைக்குக் காரணம் மனிதரின் குறுகிய மனமெனக் கூறி அமைதல் போதாது; ஏற்கெனவே பற்றாத ஆசிரியரையும் கட்டடத்தையும் அரசு இரட்டிப்பாக்காது மாணவரை மாத்திரம் பெருக்கியமையே அதன் அடிப்படை.

எருக்கலம்பிட்டியைச் சேர்ந்த புவியியற் பேராசிரியர் எஸ். எச். ஹஸ்புல்லாஹ் இம்மக்களின் நிலையைத் தம் வாழ்நாளின் இறுதிவரை, 2018 வரை, ஆவணப்படுத்தி வந்தார். ஷரிக்கா திராணகம 2011 இல் வெளியிட்ட ஆங்கில நூல், பெற்றோருக்கு 'ஊர்' வடக்காகவும் புத்தளத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அது மங்கலானதாகவும் இருப்பதை எடுத்துக்காட்டியது. 2009 இல் யுத்தம் முடிந்தபின் இவ்வேறுபாடு ஏட்டிலிருந்து வீட்டுக்குள் வந்தது. திரும்புவதா, தங்குவதா? காணியும் கடலும் மன்னாரில். உயர்தர வகுப்பு புத்தளத்தில். காடேறிய முசலிப் பிரதேசக் கிராமங்களில் வீட்டைக் கட்டுவதற்கு இருந்த அவசரம், உயர்தர வகுப்பைக் கட்டுவதற்கு இருக்கவில்லை.

இதன் விளைவு பிளவுபட்ட குடும்பம். தந்தை சிலாவத்துறைப் பக்கத்தில் தொழில் செய்வார். தாயும் பிள்ளைகளும் தில்லையடியில் இருப்பர். எலுவன்குளம் ஊடான பழைய பாதை வில்பத்துக் காட்டின் வழியாகச் செல்வது; அப்பாதை இல்லையேல் அனுராதபுரம், மதவாச்சி என நெடுஞ்சுற்று. வாக்காளர் பதிவே இங்கு முடிச்சு. முந்திய நிரந்தர வதிவிடத்திற் பதிய இடம்பெயர்ந்தோருக்கு வழிசெய்யும் விசேட ஏற்பாடுகள் சட்டம் 2013 இல் இயற்றப்பட்டது. வடக்கின் காணிக்கும் வீட்டுதவிக்கும் பிரதிநிதித்துவத்துக்கும் அப்பதிவு வேண்டும். ஆனால் முதலாந் தரத்திற்குப் புள்ளி தருவது பாடசாலையின் அயலிலுள்ள பதிவு. ஒரு பெயர் ஈரிடாப்பில் இருத்தலாகாது. எனவே, தந்தை மன்னாரிலும் தாய் புத்தளத்திலும் பதிந்துகொள்வதும், இளைய பிள்ளையின் அனுமதி முடியும்வரை பதிவை மாற்றாது காத்திருப்பதும் இக்குடும்பங்கள் கண்ட தீர்வுகளாயின. பெண்பிள்ளைகள் விடயத்திற் கணக்கு மேலும் இறுகும். மகனை உறவினர் வீட்டிலோ விடுதியிலோ விடலாம்; மகளுக்காகத் தாயே தங்குவாள். மீள்குடியேற்றக் கணக்கெடுப்பிற் 'திரும்பாதோர்' எனப் பதிவான பெண்களுட் பலர், மகளின் பரீட்சை முடியும்வரை தங்கியோரே.

நுரைச்சோலை அனல்மின் நிலையம் 2011 இல் இயங்கத் தொடங்கியபின், அங்கு பணிபுரிய வெளியூர்களிலிருந்தும் குடும்பங்கள் இக்கரைக்கு வருகின்றன. இடமாற்றக் கடிதத்துடன் வரும் உத்தியோகத்தர் ஒதுக்கீட்டின் கீழ் விண்ணப்பிப்பார். அதே தெருவில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வாழும் தாய், கிராம உத்தியோகத்தரின் அலுவலகத்தில் வதிவிடச் சான்றுக்காக நிற்பாள். அவளை 1990 இல் வந்தவள் என்றே அயலார் அடையாளங் கூறுவர்.