186 வாரம், 11 நாள், ஓர் இரவு

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 அக்டோபர் 29-இல் தொடராகத் தொடங்கி 1954 மே 16-இல் முடிந்தது. இரண்டு தேதியும் ஞாயிற்றுக்கிழமை. வாரம் தவறாமல் வந்தது என்று கொண்டால் 186 இதழ்கள். ஐந்து பாகங்களுக்கும் அத்தியாயங்கள் முறையே 57, 53, 46, 46, 91, கூட்டினால் 293. அதாவது வாரத்துக்கு ஒன்றரை அத்தியாயத்துக்குச் சற்று மேல்.

நான் விமர்சகன் இல்லை. சித்தூர்க்காரன், ரயிலிலும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகும் நாவல் படிக்கிறவன். நோட்டில் குறித்து வைப்பதெல்லாம் விலை, பக்கம், பிடித்த நேரம், அவ்வளவுதான். சமீபத்தில் படித்தவற்றை அந்த நோட்டில் சரிபார்த்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. வெகுஜன நாவலின் ருசி அதன் கதையிலிருந்து வருவதைவிட, அது எந்த அளவுக்கு வெட்டப்பட்டதோ அந்த அளவிலிருந்துதான் அதிகம் வருகிறது.

பொன்னியின் செல்வனையே எடுத்துக்கொள்வோம். பதிப்பைப் பொறுத்து 2,200 பக்கம் முன்பின் இருக்கும். என் வேகம் மணிக்கு 40 பக்கம், ஆகவே 55 மணி நேரம். அத்தியாயத்துக்குச் சராசரி ஏழரைப் பக்கம். அந்த ஏழரைப் பக்கத்துக்குள் ஒரு சந்திப்பு, ஒரு வாய்ச்சண்டை, கடைசி வரியில் ஒரு காலடிச் சத்தம் அல்லது ஒரு கத்தி. வாரம் ஒருமுறை படித்தவருக்கு அது போதும். போன மாதம் யார் யாரிடம் ஓலை கொடுத்தார் என்பது மறந்துபோயிருக்குமே என்று, நடந்ததை ஒரு பாத்திரம் இன்னொரு பாத்திரத்திடம் மறுபடி சொல்லும். 1952-இல் அது வாசகருக்குச் செய்த உதவி. ஒரே மூச்சில் படிக்கிற எனக்கு அந்தப் பக்கங்களில் கண் தானாகத் தாவிற்று. கடைசிப் பாகம் மட்டும் 91 அத்தியாயம், மொத்தத்தில் 31 சதவீதம். முடிச்சு போட நான்கு பாகம், அவிழ்க்க ஒரு பாகம் என்று பிரித்ததில் அவிழ்க்கும் பாகம் மிக நீண்டுவிட்டது. எனக்குப் பிடித்தது முதல் பாகமே. நாயகன் வந்தியத்தேவன் குதிரையில் வந்து வீரநாராயண ஏரியின் 74 கணவாய்களை எண்ணிக்கொண்டே போகிறான். எண்ணுகிற நாயகனை எப்படிப் பிடிக்காமல் இருக்கும்?

இந்த நாவலைத் தஞ்சாவூர்க்காரர்கள் மட்டும் சொந்தம் கொண்டாடுவதில் எங்களுக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. வந்தியத்தேவன் வாணர் குலம், ஊர் திருவல்லம். சித்தூரிலிருந்து எல்லை தாண்டினால் பக்கத்தில்தான். எங்கள் ஊரை ஒட்டிப் போகும் நீவா நதி, பொன்னையாற்றில் கலந்து மேல்பாடி வழியாகப் பாலாற்றுக்குப் போகிறது. அந்த மேல்பாடியில், கதையில் சக்கரவர்த்தியாக வரும் சுந்தர சோழரின் தகப்பன் அரிஞ்சயனுக்கு ராஜராஜன் எழுப்பிய பள்ளிப்படைக் கோயில் நிற்கிறது. திருப்பதிப் பக்கம் போனால் காளஹஸ்தியிலிருந்து ஏறத்தாழ 10 கி.மீ. தூரத்தில் தொண்டைமானாடு. சுந்தர சோழரின் கொள்ளுத் தாத்தா முதலாம் ஆதித்தன் 907 வாக்கில் இறந்த இடம். ஆதித்தனின் மகன் பராந்தகன் அங்கே கட்டிய கோயில் இப்போதும் இருக்கிறது. கதையில் வெறும் பெயராக வந்துபோகும் இரண்டு ராஜாக்கள் அடங்கிய இடம் எங்கள் பஸ் ரூட்டில் இருக்கிறது என்பதால், 55 மணி நேரத்தில் ஒரு நிமிடம்கூட வீண் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கல்கியின் எழுத்து நாட்டுடைமை. யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், அதனால் விலையும் கட்டுக்குள் இருக்கிறது. ஐந்து பாகத்தையும் ஆயிரம் ரூபாய்க்கு வாங்கியதாக வைத்துக்கொண்டால் பக்கத்துக்கு 45 பைசா, மணிக்கு 18 ரூபாய். எங்கள் பக்கம் எதற்கும் விலையைத் திருமலை லட்டுவில் சொல்லிப் பார்க்கிற பழக்கம் உண்டு. லட்டு இப்போது 50 ரூபாய். ஆகவே பொன்னியின் செல்வன் இருபது லட்டு.

அடுத்த வரவு, மாத நாவல்.

1969-இல் ‘ராணி முத்து’ ஒரு ரூபாய்க்கு ஒரு நாவல் என்று ஆரம்பித்தது, முதலில் வந்தது அகிலனின் ‘பொன்மலர்’. ஒரு ரூபாய்க்குள் அடங்க வேண்டும் என்பதற்காகப் பெரிய நாவல்களைச் சுருக்கிப் போட்டார்கள். பக்கம் முதலில் தீர்மானமாகிவிடும், கதைதான் அதற்குள் கையைக் காலை மடக்கிக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு வந்தவர்கள் அந்த அளவுக்கென்றே எழுதினார்கள். ராஜேஷ்குமாரின் முதல் நாவல் 1980-இல் வந்தது. இதுவரை 1,500-க்கும் மேல் நாவல்கள். 45 வருஷத்துக்கு வகுத்தால் வருஷத்துக்கு 33, சுமாராகப் பதினொரு நாளுக்கு ஒன்று. இன்றைக்கு ஆரம்பித்து நாள் ஒன்றுக்கு ஒரு நாவல் என்று படித்தால்கூட எனக்கு நாலு வருஷம் ஆகும்.

பழைய புத்தகக் கடையில் எடைக்கு வந்த ஒரு கட்டில் இவருடையவை நிறைய இருந்தன. நடுவில் அடித்த இரண்டு பின்னும் துருப்பிடித்து, அந்தத் துரு பக்கத்தில் இறங்கி, சரியாக நடுப்பக்கத்துப் பிணத்தின் மேல் காவிக் கறையாக நிற்கிறது. அட்டையின் உள்பக்கம் ஏதோ வாடகை நூலகத்தின் ரப்பர் ஸ்டாம்பு, எடுத்த தேதிகளின் வரிசை. ஒரே மாதத்தில் ஒன்பது கை மாறியிருக்கிறது.

“தமிழா நைனா? பத்து ரூபா குடு, எது வேணா எடுத்துக்கோ” என்றார் கடைக்காரர். தெலுங்கு நாவல் என்றால் பேரம் இருபதில் ஆரம்பிக்கிறது.

நூறு பக்கம், இரண்டரை மணி நேரம், பத்து ரூபாய். மணிக்கு 4 ரூபாய். இதைவிட மலிவாக ஒரு சாயங்காலத்தைக் கழிக்க முடியாது. எழுத்தும் அந்த அளவுக்குப் பொருத்தமாகவே இருக்கிறது. சம்பந்தமில்லாத இரண்டு கதைகள் ஒன்று விட்டு ஒன்றாக ஓடும், முக்கால் பங்கு தாண்டியதும் இரண்டும் முட்டிக்கொள்ளும். துப்பறியும் விவேக்கும் மனைவி ரூபலாவும் காப்பி குடிப்பதற்குக்கூட அரைப் பக்கத்துக்கு மேல் கிடையாது. குற்றவாளி யார் என்பது ஒரு வாரத்தில் மறந்துவிடுகிறது, அதனால் அதே நாவலை இன்னொரு பத்து ரூபாய் கொடுக்காமல் மறுபடி படிக்கலாம். சுபாவின் நரேந்திரன்–வைஜயந்தியும் பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலாவும் இதே அளவுச் சட்டைதான். பிரபாகரிடம் வசனம் கொஞ்சம் துள்ளும்.

தெலுங்கு எழுத்தாளர் எண்டமூரி வீரேந்திரநாத்தை நான் இரண்டு மொழியிலும் படித்துப் பார்த்தேன். இந்த ஊரில் வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு என்று வளர்ந்தவர்கள் ஏராளம். நான் அதில் பாதி, தெலுங்கில் மணிக்கு 20 பக்கம் தாண்டாது. ஆகவே ‘துளசி தளம்’ தமிழில் எடுத்துக்கொண்டதைப்போல் இரண்டு மடங்கு நேரத்தைத் தெலுங்கில் எடுத்துக்கொண்டது. சொத்துக்காக ஒரு சிறுமிமேல் ஏவிய காஷ்மோரா என்ற சூனியம். டாக்டர், மந்திரவாதி, பகுத்தறிவு, பயம் எல்லாம் ஒரே வீட்டுக்குள். எழுதியவர் படிப்பால் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட். அது தெரிகிறது: ஒவ்வொரு திகிலுக்கும் எதிர்ப்பக்கத்தில் ஒரு விளக்கம் பதிவாகியிருக்கிறது, கடைசியில் வாசகர் எந்தப் பத்தியை நம்புவது என்று தெரியாமல் விழிக்கிறார். தெலுங்கில் மெதுவாகப் படித்ததால் பயம் அதிகம் என்பது என் அனுபவம்.

பிறகு வந்தது கேசவ ரெட்டியின் ‘அவன் காட்டை வென்றான்’, தமிழில் ஏ.ஜி. எத்திராஜுலு, நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடு. இதை வெகுஜன நாவல் பட்டியலில் சேர்க்கலாமா என்று யாராவது கேட்கலாம். ஏறக்குறைய மாத நாவல் அளவுதான், வேகமும் குறைவில்லை, என் கணக்கில் சேர்த்துவிட்டேன். கேசவ ரெட்டி இந்தச் சித்தூர் ஜில்லாவில் 1946-இல் பிறந்தவர். திருப்பதியில் பி.யு.சி., பாண்டிச்சேரியில் மருத்துவம் படித்து, நிஜாமாபாத் பக்கம் தொழுநோய் மருத்துவராக வேலை பார்த்து, 2015-இல் காலமானார். கதைக்கு ஆட்கள் என்று பார்த்தால் ஒரு கிழவன்தான். வீட்டுக்குத் திரும்பாத சினைப்பன்றியைத் தேடிக் காட்டுக்குள் போகிறான். அது அங்கே குட்டி போட்டிருக்கிறது. வளர்த்தவனையே கிட்டே வர விடவில்லை, சுற்றிலும் நரிகள். காலம், ஓர் இரவு. 186 வாரக் கதையில் கல்கிக்குக் கிடைத்த சௌகரியம் எதுவும் இவருக்கு இல்லை: சுரங்கப் பாதை இல்லை, மாறுவேஷம் இல்லை, அடுத்த வாரம் இல்லை. கிழவன் ஒரு மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிற பக்கங்களில் என் வேகம் மணிக்கு 40-இலிருந்து 25-க்கு இறங்கிவிட்டது. முடிவைச் சொல்லப்போவதில்லை. பக்கக் கணக்கில் மெலிந்ததும் நேரக் கணக்கில் கனத்ததும் இந்த வருஷம் இது ஒன்றுதான்.

படிக்கிற இடத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. திருப்பதியிலிருந்து பாகாலா, சித்தூர் வழியாகக் காட்பாடிக்குப் போகும் பாதை 104 கி.மீ., ஒற்றை லைன். எதிர் வண்டிக்காக நிறுத்தினால் கால் மணி, அரை மணி. ஒரு மாத நாவலுக்கு இதைவிட நல்ல வாசகசாலை கிடையாது. 2025 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை இந்தப் பாதையை இரட்டை லைனாக்க 1,332 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. கிலோமீட்டருக்கு 12 கோடியே 80 லட்சம். வரட்டும், நல்லதுதான். கிராஸிங்கில் படிக்கிற அத்தியாயத்தை மட்டும் வேறெங்காவது படித்துக்கொள்ள வேண்டும்.

செலவுப் பக்கத்தில் என்னை உறுத்துவது புத்தகத்தின் விலை இல்லை, அது இங்கே வந்து சேருகிற விலை. சென்னைப் புத்தகக் காட்சி 1977 முதல் நடக்கிறது, 10 சதவீதம் தள்ளுபடி. திருப்பதியிலிருந்து சென்னை சுமார் 150 கி.மீ. போக வர 200 ரூபாய் என்று கொண்டால், 2,000 ரூபாய்க்கு வாங்கினால்தான் டிக்கெட் காசு கழியும், அதற்கு மேல்தான் லாபம். முன்பு இதற்கு மாற்றாகப் புக் போஸ்ட் இருந்தது. பதிவுத் தபாலில் 5 கிலோவுக்கு 80 ரூபாய். கால் கிலோப் புத்தகம் இருபது என்றால் ஒன்றுக்கு 4 ரூபாய். 2024 டிசம்பரில் அந்தச் சேவையை நிறுத்திவிட்டார்கள். அதன்பின் அதே எடை பார்சலில் 200 ரூபாயைத் தாண்டியது, ஒன்றுக்குப் பத்துக்கு மேல். அச்சிட்ட புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, அச்சிடுகிற தாளுக்கு உண்டு.

நூலகத்துக்கும் நாம் கட்டுகிறோம். ஆந்திராவில் வீட்டு வரியில் ரூபாய்க்கு 8 பைசா நூலக வரி, தமிழ்நாட்டில் 10 பைசா. சென்னை மாகாணத்தின் 1948-ஆம் வருஷ நூலகச் சட்டம் வந்தபோது சித்தூர் அந்த மாகாணத்தில்தான் இருந்தது. 1953 அக்டோபரில் ஆந்திரம் பிரிந்தது, 1960-இல் இங்கே தனிச் சட்டம் வந்தது. இரண்டாயிரம் ரூபாய் வரி கட்டுகிறவர் 160 ரூபாய் நூலகத்துக்குக் கொடுக்கிறார். பழைய கடை விலையில் பதினாறு மாத நாவல்.

இப்போது எங்கள் தெருவில் நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரே பார்சலாகத் தருவிக்கிறோம். அடுத்த கட்டுக்கு 5 கிலோவில் இன்னும் 800 கிராம் இடம் இருக்கிறது. எதிர் வீட்டு அக்கா ரமணிசந்திரன் நாவல் மூன்று வேண்டும் என்கிறார், 170-க்கும் மேல் எழுதியிருப்பவரிடம் எந்த மூன்று என்பதில்தான் பேச்சு நிற்கிறது.