பிறந்தநாள் எழுதித் தந்த வாத்தியார்கள்

தருமபுரி மாவட்டத்தில் கடத்தூர்ப் பக்கம் அறுபதை எட்டியவர்களின் பள்ளிச் சான்றிதழைப் பாருங்கள். பலருக்கும் பிறந்த மாதம் மே அல்லது ஜூனாக இருக்கும். அந்தக் காலத்தில் பிள்ளை பிறந்த தேதியை வீட்டில் குறித்து வைக்கும் வழக்கம் குறைவு. "புளி உலுக்கற சமயத்துல பொறந்தான் சார்" என்பார் அப்பா. பையனின் வலக்கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடக்காதைத் தொடச் சொல்வார் வாத்தியார். விரல் எட்டினால் ஐந்து வயது. பள்ளி திறக்கும் ஜூனுக்குள் ஐந்து நிறைகிற மாதிரி ஒரு தேதி எழுதுவார். வேலை, ஓய்வு, ஓய்வூதியம் எல்லாவற்றுக்கும் அந்தத் தேதிதான் கணக்கு.

எழுபதுகளில் நான் படித்தது ஓட்டுக் கட்டடப் பள்ளி. ஐந்து வகுப்புகளுக்கு இரண்டே ஆசிரியர்கள். தொங்கவிட்ட தண்டவாளத் துண்டுதான் மணி. சிலேட்டைத் துடைக்கக் கோவை இலை பறித்துப் போவோம். ஊமத்தை இலையையும் அடுப்புக்கரியையும் அரைத்துக் கரும்பலகைக்குப் பூசுவது பெரிய பிள்ளைகளின் வேலை. சார் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குப் போடும் நேரத்தில், நன்றாகப் படிக்கிற அக்கா ஒருத்தி ஒன்றாம் வகுப்புக்கு 'அ' எழுதிக் காட்டுவாள். வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற பிள்ளைகளும் எங்களோடு சேர்ந்து வாய்ப்பாடு சொல்லியே தமிழுக்குப் பழகினார்கள்.

பசிக்கு அரசு வழி செய்தது. காமராசர் 1956-இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டம் எங்கள் காலத்தில் மக்காச்சோள ரவை உப்புமாவாக வந்தது. 1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கினார். 2022-இல் காலை உணவும் சேர்ந்தது.

ஆனால் புளி உடைக்கவும் ஆடு மேய்க்கவும் வெற்றிலைத் தோட்டத்துக்கும் போன பிள்ளையைத் திரும்ப அழைத்து வர ஆள் வேண்டுமே! அதைச் செய்தவர்கள் வாத்தியார்கள். வருகைப் பதிவில் இரண்டு நாள் விடுபட்டால் போதும், மாலையில் சாரின் சைக்கிள் அந்த வீட்டு வாசலில் நிற்கும்.

"பொட்டப்புள்ள படிச்சு என்ன சார் ஆவப்போவுது? ஆட்டை யாரு ஓட்டறது?"

"பகல்ல எங்கிட்ட அனுப்புங்கம்மா. பள்ளிக்கூடம் வுட்டதும் ஆடு ஓட்டட்டும்."

இப்படிப் பேசிப் பேசியே ஒரு தலைமுறையைப் படிக்க வைத்தார்கள். பிரம்பும் அந்தக் காலத்தில் இருந்தது. அடிக்குப் பயந்து நின்றுபோன பிள்ளைகளும் உண்டு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அடியைத் தடை செய்தது மிகச் சரி. பழைய பள்ளியில் போற்ற வேண்டியது, பிள்ளை வராவிட்டால் தேடிப்போன அந்த அக்கறை.

அதன் அருமை எங்கள் மாவட்டத்துக்கு நன்றாகவே தெரியும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 விழுக்காடு, தருமபுரியில் 68.5 மட்டுமே. மாநிலத்திலேயே கடைசி இடம். அந்த 68.5-க்குள் இருக்கிற ஒவ்வொரு முதல் தலைமுறைப் படிப்பாளிக்குப் பின்னாலும் ஏதோ ஒரு வாத்தியாரோ டீச்சரோ நடந்த நடை இருக்கிறது.

பள்ளிக் கல்வெட்டுகளில் திறந்து வைத்தவர்களின் பெயர்கள் இருக்கின்றன. பாடம் சொன்னவர்களின் பெயர்கள் அரிது. அவர்களை நேரில் அறிந்த மாணவர்களுக்கும் வயதாகிவிட்டது. பழைய பிள்ளைகள் ஒன்றுகூடி, பள்ளி மேலாண்மைக் குழுவோடு பேசி, தங்களுக்குத் தெரிந்த ஆசிரியர் பெயர்களை ஆண்டு வாரியாக எழுதி, தலைமை ஆசிரியர் அறையில் பலகையாக மாட்ட வேண்டும். நமக்குப் பிறந்தநாள் எழுதித் தந்தவர்களுக்கு நாம் திருப்பிச் செய்யக்கூடிய கைம்மாறு அது. வருகிற ஜூனில், பள்ளி திறக்கும் வாரத்திலேயே தொடங்கலாம்.