காப்பிக்கொட்டை வறுக்க வீட்டுக்கு ஏற்ற உருளை எது?

எட்டயபுரம் வட்டாரத்துக் கரிசலில் கம்பு விளையும், உளுந்து விளையும், மல்லியும் மிளகாயும் விளையும். காப்பி விளையாது. அதற்கு மலையும் நிழலும் வேண்டும். இருந்தாலும் விடியற்காலையில் ஒரு தம்ளர் கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டுத்தான் பலரும் காட்டுக்குப் புறப்படுகிறார்கள். அந்தக் காப்பிப்பொடி அநேகமாகக் கடைப்பொட்டலம். அதில் சிக்கரி எவ்வளவு என்று பார்த்து வாங்குவோர் குறைவு. கலப்புப் பொடியில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பது விதி. அப்படியானால் 49 சதவீதம் வரை சிக்கரி இருக்கலாம். சிக்கரி கெடுதலான பொருள் அல்ல. வறுத்துப் பொடித்த ஒரு செடியின் வேர், அவ்வளவே. ஆனால் காப்பி என்று நினைத்துக் காசு கொடுப்பவர், எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

பச்சைக் கொட்டை வாங்கி வீட்டிலேயே வறுப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. கரியடுப்பின் மேல் இரும்பு உருளையை வைத்துக் கையால் சுற்றி வறுத்த வீடுகள் முன்பு நிறைய உண்டு. பொட்டலப் பொடி பெருகியதும் உருளை பரணுக்குப் போய்விட்டது. இப்போது அதை மறுபடி இறக்குவதற்கு ஒரு வசதி ஏற்பட்டிருக்கிறது. 1990-களின் நடுப்பகுதி வரை தோட்டக்காரர்கள் தங்கள் கொட்டையைக் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் ஒப்படைக்க வேண்டியிருந்தது. அந்தக் கட்டுப்பாடு நீங்கிவிட்டதால், திண்டுக்கல் மாவட்டத்துச் சிறுமலை, தாண்டிக்குடி, பண்ணைக்காடு பகுதிகளில் சிறு தோட்டக்காரர்களிடமே பச்சைக் கொட்டையை வாங்கி வரலாம். ஈரம் படாமல் வைத்தால் பச்சைக் கொட்டை பல மாதம் கெடாது. வறுத்த கொட்டைக்குச் சில வாரங்களிலும், பொடிக்குச் சில நாட்களிலும் மணம் இறங்கிவிடும்.

எவ்வளவு பெரியது வேண்டும்?

பணம் வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். நாளொன்றுக்கு 40 கிராம் பொடி செலவாகும் வீட்டுக்கு வாரம் 280 கிராம் போதும். வறுக்கும்போது கொட்டையின் எடை 15 முதல் 20 சதவீதம் வரை குறையும். ஆகவே வாரத்துக்கு 350 கிராம் பச்சைக் கொட்டை வறுத்தால் சரியாக இருக்கும். இதற்கு ஐந்து கிலோ மோட்டார் உருளை எதற்கு? கடன் வாங்கி அதை இறக்கி வைத்தால் வாரத்தில் ஆறு நாள் சும்மா கிடக்கும். வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். பத்துப் பதினைந்து வீடுகள் சேர்ந்து வாங்கினாலோ, மகளிர் குழு பொடி விற்கத் தொடங்கினாலோதான் மோட்டார் உருளையைப் பற்றி யோசிக்கலாம்.

மின்சாரச் சூட்டுக்காற்றில் வறுக்கும் சிறு கருவிகளும் கிடைக்கின்றன. ஒரு தடவைக்கு நூறு, இருநூறு கிராம்தான் பிடிக்கும். வறுவல் சீராக வரும். ஆனால் மின்சாரம் பாதியில் நின்றால் கொட்டை பாதி வெந்து நிற்கும். பழுதானால் உள்ளூரில் பார்க்க ஆளும் கிடைக்காது. செலவே வேண்டாம் என்பவர்களுக்கு வறையோடும் இரும்புச் சட்டியும் இருக்கின்றன. கை ஓயாமல் கிளறினாலும் ஒரு பக்கம் கருகி ஒரு பக்கம் வெளுத்து வரும். கால் கிலோவுக்குமேல் அதில் முயல வேண்டாம்.

ஆக, மானாவாரி விவசாயி வீட்டுக்குப் பொருந்துவது கையால் சுற்றும் உருளைதான். அரையடி விட்டமும் முக்காலடி நீளமும் உள்ள உருளை சுமார் 4 லிட்டர் கொள்ளும். அதில் அரைக் கிலோ கொட்டை தாராளமாகப் புரளும். கொட்டை வறுபடும்போது உப்பிப் பெருக்கும் என்பதால் பாதி உருளையாவது காலியாக இருக்க வேண்டும்.

பட்டறையில் சொல்ல வேண்டியவை

கோவில்பட்டி போன்ற ஊர்களில் வெல்டிங் பட்டறையில் சொல்லியும் செய்து வாங்கலாம். தகடு 16 அல்லது 18 கேஜ் இரும்பாகவோ எவர்சில்வராகவோ இருக்கட்டும். மெல்லிய தகடு ஒரே இடத்தில் சூடேறிக் கொட்டையைத் தீய்த்துவிடும். நாகம் பூசிய தகடு கூடவே கூடாது. அந்தப் பூச்சு அடுப்புச் சூட்டுக்கு ஆகாது. அதைவிடப் பெரிய ஆபத்து பழைய டின். பூச்சிமருந்து வந்த டின்னையோ பெயிண்ட் டின்னையோ எத்தனை முறை கழுவினாலும் உருளையாக்கக்கூடாது.

உருளையின் உட்புறம் மூன்று நான்கு துடுப்புத் தகடுகள் நீளவாக்கில் பற்றவைக்கப்பட வேண்டும். அவை இல்லாவிட்டால் கொட்டை புரளாமல் வழுக்கிக்கொண்டே கிடக்கும். கைப்பிடிக்கு மரம் போட வேண்டும். கதவு ஒரே இழுப்பில் திறந்து கொட்டை முழுவதும் உடனே கொட்ட வேண்டும். இதைக் கடையிலேயே திறந்து பார்த்து வாங்குவது நல்லது. திறக்க அரை நிமிடம் தாமதமானால் வறுவல் கருகலாகிவிடும்.

துளை போட்ட உருளையைச் சிலர் நல்லது என்பார்கள். புகை வெளியேறும் என்பது உண்மை. ஆனால் அதில் மல்லி வறுக்க முடியாது, துளை வழியே கொட்டிவிடும். காப்பிக்கு மட்டும் ஒரு உருளை என்பது மானாவாரி வீட்டுக்கு ஆடம்பரம். மாசியில் அறுத்த மல்லியில் கொஞ்சம் எடுத்து வைத்துச் சுக்குமல்லிப் பொடிக்கு வறுக்கலாம், நிலக்கடலை வறுக்கலாம். உருளைக்குப் போட்ட காசு அப்படித்தான் திரும்பும். மல்லிக்கு இளஞ்சூடும் சில நிமிடமும் போதும். கடலைக்கும் காப்பியைவிடக் குறைந்த சூடுதான். மிளகாயை மட்டும் இந்த உருளையில் போடவேண்டாம். அடுத்த பத்து வறுவலுக்குக் காப்பி காரும்!

அடுப்பும் பக்குவமும்

இந்தப் பகுதியில் சீமைக்கருவேலங்கரிக்குப் பஞ்சமில்லை. விறகின் சுவாலையைவிடக் கரித்தணல் நிதானமானது. ஆனி, ஆடிக் காற்றில் வெட்டவெளியில் வறுத்தால் தணல் பறக்கும், உருளையும் குளிர்ந்துபோகும். சுவர் மறைவு வேண்டும். கூரைக்கொட்டகையிலும், கதவடைத்த அறையிலும் வறுக்கக்கூடாது. முதலாவதில் தீப்பயம், இரண்டாவதில் கரிப்புகையின் நச்சுவாயு ஆளையே மயக்கிவிடும்.

புது உருளையில் முதலில் ஒரு பிடி சொத்தைத் தானியத்தை வறுத்துக் கொட்டிவிட்டு, பிறகு கொட்டையைப் போட வேண்டும். பச்சை நிறம் மஞ்சளாகும், வைக்கோல் வாசனை வரும், பிறகு பழுப்பேறும். கொட்டைச் சூடு 200 டிகிரி சென்டிகிரேடை நெருங்கும்போது சோளம் பொரிவதுபோலப் படபடவென்று சத்தம் கேட்கும். அரைக் கிலோவுக்கு இந்த நிலை வரப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். அதற்குப்பின் சுற்றுவதில் கவனம் சிதறக்கூடாது. இரண்டாவது முறை மெல்லிய வெடிப்புச் சத்தம் 225 டிகிரி வாக்கில் வரும். பில்டர் காப்பிக்கு அது தொடங்கும் முன் கொட்டிவிடுவதே ருசி. எண்ணெய் மினுக்கும்வரை விட்டால் கசப்புதான் மிஞ்சும்.

கொட்டியதைச் சுளகில் பரப்பி உடனே புடைக்க வேண்டும். மேல்தோல் பறந்துவிடும், நாலைந்து நிமிடத்தில் ஆறியும் விடும். குவித்து வைத்தால் உள்சூட்டிலேயே மேலும் வறுபடும். புதிதாக வறுத்த கொட்டையிலிருந்து கரியமில வாயு வெளியேறிக்கொண்டிருக்கும். ஆகவே ஒரு இரவு மூடியைத் தளர்த்தி வைத்துவிட்டு, மறுநாள் டப்பாவை இறுக மூடலாம். அரைப்பது அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும்.