ஆசிலோஸ்கோப் காட்டுவது உண்மையா? கிரவுண்ட் வயரில் இருக்கும் சிக்கல்!

சர்க்யூட்டில் கோளாறே இல்லை. ஆனால் ஆசிலோஸ்கோப் திரையில் சிக்னல் நடுங்குகிறது. இதை நம்பி நல்ல பாகத்தைக் கழற்றி மாற்றுபவர்களும் உண்டு. தப்பு புரோப்பில் இருக்கலாம்.

ஏன் இப்படி?

சாதாரண 10எக்ஸ் புரோப்பின் மின்தடை 10 மெகாஓம். ஆனால் அதன் முனையில் சுமார் 10 பிகோஃபாரட் மின்தேக்குத்திறனும் இருக்கிறது. 100 மெகாஹெர்ட்ஸில் இது வெறும் 160 ஓம் போலச் செயல்பட்டு, சிக்னலையே மாற்றிவிடும்.

கிளிப் மாட்டிய 15 செ.மீ. கிரவுண்ட் வயர் இன்னொரு வில்லன். அதன் மின்தூண்டல் சுமார் 150 நானோஹென்றி. இரண்டும் சேர்ந்தால் 130 மெகாஹெர்ட்ஸ் அருகே அதிர ஆரம்பிக்கும். திரையில் தெரியும் நடுக்கம் இதுதான்.

என்ன செய்யணும்?

* நீள வயரைக் கழற்றிவிட்டு, குட்டி கிரவுண்ட் ஸ்பிரிங்கை புரோப் முனையில் மாட்டி, அளக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கிரவுண்டைத் தொடுங்க.
* 1எக்ஸ் வேண்டாம். பெரும்பாலான புரோப்களில் அது 10 மெகாஹெர்ட்ஸைத் தாண்டாது.
* ஆசிலோஸ்கோப்பிலேயே கிடைக்கும் 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையை வைத்து, புரோப்பில் உள்ள திருகைச் சரிசெய்யுங்க. அலையின் மேல்பக்கம் தட்டையாகத் தெரியணும்.

வயரைச் சுருக்கியதும் நடுக்கம் அடங்கினால், பாகத்தை மாற்ற வேண்டாம். மாற்ற வேண்டியது அளக்கும் முறையைத்தான்!