தெருத் தண்ணீரைத் தெளிய வைத்துப் பூமிக்குள் விடுவோம்



சென்ற ஐப்பசி மழையில் நாங்கள் செய்த தவறு ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறோம். மழைநீர் வீணாகிறதே என்று அறக்கட்டளைக் கிணற்றோரம் குழி எடுத்து, செங்கல் ஜல்லி கொட்டி, தெரு வாய்க்காலை அதில் திருப்பினோம். பத்தே நாளில் கிணறு நாறியது. அந்தத் தண்ணீரில் ஒளுச் செய்யவும் மனம் வரவில்லை.

2003-ல் அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கிய மழைநீர்க் குழி, மாடித் தண்ணீருக்கு உகந்தது. 1000 சதுர அடி மாடியில் 1 செ.மீ. மழை பெய்தாலே ஏறக்குறைய 900 லிட்டர் கிடைக்கும். தெருத் தண்ணீர் அப்படியல்ல. கோடை முழுதும் ரோட்டில் படிந்த ஆயில், டயர்த் தூள், சாணம் எல்லாவற்றையும் முதல் மழை வழித்துக்கொண்டு வரும். அதற்கு நடுவில் ஒரு செடிப்படுகை வேண்டும்.

தரையைவிட முக்கால் அடி பள்ளமான பாத்திதான் அது. அடியில் ஜல்லி, மேலே மணல் கலந்த மண், அதில் கல்வாழையும் வெட்டிவேரும். தண்ணீர் முதலில் சிறு தொட்டியில் நின்று, சேற்றையும் பிளாஸ்டிக்கையும் விட்டுவிட்டுப் பாத்திக்குள் மெல்ல இறங்கும். மணல் தூசியைப் பிடிக்கும். வேரிலும் கல்லிலும் வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும். பாதி வேலை அவற்றுடையதுதான். கொசு வருமே என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். முட்டை கொசுவாக ஒரு வாரம் ஆகும். பாத்தியோ இரண்டு நாளில் வற்றிவிடும். இப்படித் தெளிந்த நீர் தோட்டத்துக்கும் கழிப்பறைக்கும் ஆகும், நிலத்துக்குள்ளும் விடலாம். குடிக்க மட்டும் ஆகாது.

சென்னையில் லிட்டில் ஃபிளவர் கான்வென்ட் என்ற, பார்வையற்ற, காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் கழிவுநீரையே இவ்வகைப் படுகையில் சுத்தம் செய்கிறார்கள். சென்னை மாநகராட்சியும் பூங்காக்களில் குளம் வெட்டி 'ஸ்பாஞ்ச் பார்க்' அமைத்து வருகிறது.

ஆனால் ஆரணிக்கென்று ஒரு சிக்கல் உண்டு. பட்டு நூல் வேகவைத்த சோப்பு, சோடாத் தண்ணீரும் சாயத் தண்ணீரும் கலந்தால் படுகைச் செடி கருகும். தண்ணீரில் கரைந்த உப்பைச் செடியும் மணலும் பிடிக்காது. அது கிணற்றுக்கே போகும். திருப்பூரில் நொய்யல் ஆறு கெட்டு, 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது நினைவிருக்கும். பட்டுச் சாயத்துக்கு அவ்வளவு உப்பு தேவையில்லை என்பது உண்மை. அதற்காக வாசல் வாய்க்காலில் ஊற்றினால், அடுத்த மழையில் அது கமண்டல நாகநதியைத்தான் சேரும்.

தொழிலை விடச் சொல்லவில்லை. பலருடைய அடுப்பு அதில்தான் எரிகிறது. சாயத் தண்ணீரை, மேலே ஷீட் போட்ட ஆழமில்லாத சிமெண்ட் தொட்டியில் தனியாக வற்ற விடுங்கள். தனியே கட்ட வசதியில்லாத நான்கைந்து வீடுகள் சேர்ந்து கேட்டால், செலவில் பாதியை அறக்கட்டளை ஏற்கும்.

பழைய குழியை மூடிவிட்டோம். அதே இடத்தில் புரட்டாசிக்குள், இன்ஷா அல்லாஹ், படுகை தயாராகும். சாயம் போடும் வீடுகள் உள்ள தெருவின் வாய்க்காலை இப்போதைக்கு இதில் சேர்க்கவில்லை. சேற்றுத் தொட்டியை வாரம் ஒருமுறை அள்ள ஆள் வேண்டும். வாலிபர்கள் ஞாயிறு ஃபஜ்ருக்குப் பின் அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம்.