குழந்தைகள் கையில் செல்போன்

சென்ற மாதம் ஒரு கைத்தறி நெசவாளர் சங்கத்தின் கணக்குகளைப் பரிசோதிக்கச் சென்றிருந்தேன். அங்கத்தினர் ஒருவர், கூலி வரவாகும் தமது கணக்கில் பணம் குறைகிறது என்று முறையிட்டார். சங்கத்தின் பேரேட்டில் பிழை இல்லை. அவருடைய பாங்கிக் கணக்கை வரி வரியாகப் பார்த்தபோது, ஒரு செல்போன் விளையாட்டுக்குப் பதினொரு தடவை பணம் சென்றிருப்பது தெரிந்தது. அவர் தறியிலும் மனைவியார் தார் சுற்றுவதிலும் இருக்கும் வேளையில் ஆடியவன் அவர்களது ஒன்பது வயதுப் பையன். ரகசிய எண்ணை அவன் எங்கும் திருடவில்லை. தகப்பனார் நூலுக்குப் பணம் அனுப்பும்போது பக்கத்தில் நின்று பார்த்தே மனனம் செய்திருந்தான்.

இத்தகைய விளையாட்டுகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆட்டம் சூடு பிடித்த பிறகுதான் உடை, ஆயுதம் என்று விற்பனை தொடங்குகிறது. பந்தயம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் இயற்றப்பட்ட மத்திய சட்டம் தடை செய்தது. ஆட்டத்தினுள்ளே நடக்கும் இவ்வியாபாரம் வேறு வகையைச் சேர்ந்தது. ஆகவே தடுப்பு நம் கையில்தான் இருக்கிறது. ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கைரேகை கேட்கும்படி செல்போனில் ஏற்பாடு செய்துகொள்ளலாம். ஆனால் குழந்தையின் ரேகையையும் அதே செல்போனில் விளையாட்டாகப் பதிந்து வைத்திருக்கும் வீடுகளை நான் கண்டிருக்கிறேன்!

பணம் போனால் உழைத்துச் சம்பாதிக்கலாம். அதனினும் கவனிக்கத்தக்கது பிறந்த வருஷம் பற்றிய விஷயம்.

கணக்குத் தொடங்கப் பதின்மூன்று வயது நிரம்பியிருக்க வேண்டும் என்று பல செயலிகள் விதித்திருப்பதை அங்கத்தினர்கள் பார்த்திருக்கலாம். இதற்கு மூலம் அமெரிக்காவில் 1998-ல் இயற்றப்பட்ட ஒரு சட்டம். பதின்மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் விவரங்களைப் பெற்றோர் சம்மதமின்றிச் சேகரிக்கலாகாது என்பது அதன் சாரம். நம் நாட்டில் 2023-ஆம் வருஷத்துத் தகவல் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயது வரை அச்சம்மதத்தைக் கோருகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக அமலுக்கு வருகின்றன. ஆனால் நம் வீடுகளில் நடப்பதென்ன? ஒன்பது வயதுக் குழந்தை பத்து வருஷம் கூட்டி எழுதுகிறது. சில சமயம் தகப்பனாரே எழுதிக் கொடுக்கிறார். அந்த நிமிஷம் முதல் இயந்திரத்தின் கணக்கில் அது பத்தொன்பது வயதுடைய ஆள். வயது வந்தோருக்கான விளம்பரமும் படமும் அதற்கு வரும். அந்நியர் கடிதம் எழுதவும் வழி திறக்கும். குழந்தைகளுக்கென்று அச்செயலியில் அமைத்த காவல் எதுவும் அக்கணக்கைத் தொடாது. பேரேட்டில் முதல் வரவைத் தப்பாக எழுதினால் இருப்புத் தொகை கடைசிவரை தப்பாகவே வருமல்லவா?

அந்நியர் வரும் வழி பெரும்பாலும் ஒன்றே. ஆட்டத்தில் கூட்டாளியாகச் சேருகிறார். பரிசு கொடுக்கிறார். பிறகு தனியாகப் பேச வேறொரு செயலிக்கு அழைக்கிறார். "வீட்டில் சொல்லாதே" என்கிறார். அடுத்தது படம் கேட்பது. அதற்கும் அடுத்தது, அதைக் காட்டி மிரட்டுவது. இந்நிலையில் குழந்தை வாய் திறக்காததற்கு முதற்காரணம் மிரட்டியவன்மீதுள்ள பயமன்று. அடி விழும், செல்போன் பறிபோகும் என்ற பயமே. ஆதலின், "எது நடந்தாலும் சொல், கோபிக்க மாட்டேன்" என்று முன்கூட்டியே சொல்லி, அதன்படி நடக்கவும் வேண்டும். பிந்தியதே கஷ்டம் என்பதை நானும் ஒரு தகப்பன் என்ற முறையில் அறிவேன்.

அப்படி நேர்ந்துவிட்டால் மிரட்டுபவனுக்குப் பணம் அனுப்பலாகாது. ஒரு முறை பெற்றவன் மறு முறையும் கேட்பான். வந்த செய்திகளை அழிக்கவும் கூடாது. அவைதாம் சாட்சியம். குழந்தைகள் உதவிக்கு 1098, இணையக் குற்றங்களுக்கு 1930 என்ற எண்களை அழைக்கலாம். ஊரில் பெயர் கெடுமே என்று பலர் தயங்குகின்றனர். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவரைப் பாதுகாக்கும் 2012-ஆம் வருஷத்துப் போக்சோ சட்டப்படி, குழந்தையின் பெயரையோ வீட்டையோ பள்ளியையோ பத்திரிகைகள் வெளியிடலாகாது. குற்றவாளி படம் கேட்டவனே; கொடுத்துவிட்ட குழந்தை அன்று.

மேற்கண்ட இரு எண்களையும் சங்க அலுவலகத்து அறிவிப்புப் பலகையில், நூல் விலைப் பட்டியலுக்குப் பக்கத்தில் எழுதி வைக்குமாறு காரியதரிசிகளைக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த பரிசோதனைக்கு வரும்போது பார்ப்பேன்.