உதவித்தொகை எந்தக் கணக்குக்குப் போனது?

கல்லூரி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்றதும் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் என்று இ-சேவை மையத்துக்கு ஓடுகிறோம். அலைச்சல்தான், ஆனாலும் அவை கைக்கு வந்துவிடுகின்றன. விண்ணப்பமும் ஏற்கப்பட்டுவிடுகிறது. பணம் மட்டும் வருவதில்லை.

“ஆதாரை லிங்க் பண்ணியாச்சுன்னு பேங்க்ல சொன்னாங்களே!” பல பெற்றோர் இப்படித்தான் திகைத்து நிற்கிறார்கள். வங்கி சொன்னது பொய்யில்லை. கணக்கு விவரத்தில் ஆதார் எண் பதிவாகியிருக்கும். ஆனால் அரசின் நேரடிப் பணம் வந்து சேர, தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகத்தின் பட்டியலிலும் அந்த எண் அந்த வங்கியோடு இணைந்திருக்க வேண்டும். ஆதார் வழியாக அனுப்பும் பணம், கடைசியாக அங்கே எந்த வங்கி இணைக்கப்பட்டதோ அங்கேதான் போகும். ஒன்பதாம் வகுப்பில் வேறொரு வங்கியில் தொடங்கி, பாஸ்புக்கையே தொலைத்துவிட்ட கணக்காக அது இருக்கலாம். மை ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பார்த்தால் வங்கியின் பெயர் தெரியும். அதற்கு ஓடிபி வர வேண்டும். ஆதாரில் இருப்பது அப்பாவின் பழைய செல்போன் எண் என்றால் முதலில் அதை மாற்றியாக வேண்டும்.

இன்னொரு சிக்கல் இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் ‘மு. கவிதா’, ஆதாரில் ‘கவிதா முருகன்’ என்றிருந்தால் கணினிக்கு அவர்கள் இரண்டு பேர். பிளஸ் டூ படிக்கும்போதே இதைச் சரிசெய்துவிடுவது நல்லது.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. ஆண் பிள்ளைகளுக்கான தமிழ்ப்புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் இவை உண்டு. வருமான வரம்பு இல்லை. வேறு உதவித்தொகை வாங்குபவர்களும் வாங்கலாம். அது தெரியாமலே விண்ணப்பிக்காமல் விடுகிறவர்களை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை.

பட்டியலினத்தவர்க்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இதில் மத்திய அரசின் பங்கு 60 சதவீதம், மாநிலத்தின் பங்கு 40. மாநிலம் தன் பங்கை விடுவித்த பிறகே மத்தியப் பங்கு மாணவரின் கணக்குக்கு வரும். கல்லூரியோ அதுவரை காத்திருப்பதில்லை. அம்மாவின் தோடு அடகுக்குப் போகிறது.

பொறியியலில் முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை வேண்டுமென்றால் கவுன்சலிங் வழியாகத்தான் சேர வேண்டும். “நேரா வாங்க, சீட் ரெடி” என்று நிர்வாக ஒதுக்கீட்டுக்கு அழைத்துப்போகும் ஏஜென்டுகள் இதைச் சொல்வதேயில்லை.

சேர்க்கை நாளன்றே ஒவ்வொரு மாணவரின் வங்கி இணைப்பையும் பார்த்துச் சொல்ல ஒவ்வொரு கல்லூரியும் ஓர் ஆளை உட்கார வைக்க வேண்டும். அதற்கு ஆகும் நேரம் சில நிமிடங்கள்தான். இணைப்பு இல்லையென்றால் அஞ்சலகத்தில் இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கிக் கணக்கு தொடங்கி, ஆதார் இணைப்பையும் அங்கேயே கேட்டு வாங்கலாம். கைரேகை வைத்தால் போதும். வீட்டுக்கே வந்தும் தபால்காரர் தொடங்கித் தருகிறார்.